தீவில் ஓவர்டைம்

காலை ஆறு மணிக்கு எந்த ஊர்ப் பூங்காவுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். முன்பெல்லாம் அங்கே பையனின் ப்ளஸ் டூ மார்க்கைச் சொல்லிக் கொண்டு நடப்பார்கள். இப்போது வேறு மார்க். ‘வெறும் வயித்துல 138, சாப்பிட்டப்புறம் 210’ என்பார் ஒருவர். ‘ப்பூ, எனக்கு 165, 280’ என்பார் அடுத்தவர், ஏதோ ஸ்டேட் ராங்க் வாங்கின மாதிரி. மூன்றாமவர் மட்டும் குரலைத் தாழ்த்தி, ‘எனக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கச் சொல்லிட்டார் டாக்டர்’ என்பார். உடனே ஒரு மௌனம். ‘அடடா, கடைசி ஸ்டேஜா?’ என்று யாராவது துக்கம் விசாரிப்பார்கள்.

இந்தக் ‘கடைசி ஸ்டேஜ்’ சமாசாரத்தைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆய்வுக் கணக்கின்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் பத்து கோடிக்கு மேல். வாசலில் நிற்பவர்கள் இன்னும் பதின்மூன்று கோடிக்கு மேல். இத்தனை பேருக்கு மார்க் போடுகிற வாத்தியார் யார், எப்படித் திருத்துகிறார், ஏன் ஒருநாள் பேனாவைக் கீழே போட்டுவிடுகிறார் என்று தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பென்சில் எடுங்கள். ஒரு ஆளின் உடம்பில் ஓடும் ரத்தம் சுமார் 5 லிட்டர். அதில் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் குளுகோஸ் என்றால் மொத்தம் எவ்வளவு? 5 கிராம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை, அவ்வளவுதான்! வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்கிறார்கள். அதைக் கிராமில் மாற்றினால் ஏறக்குறைய ஆறே கால். ஆரோக்கியத்துக்கும் நோய்க்கும் நடுவில் நிற்பது கால் டீஸ்பூன்.

கல்யாணப் பந்தியில் ஒரு கப் பாயசம் குடிக்கிறீர்கள். அதில் இருக்கும் சர்க்கரை இந்த ஒரு டீஸ்பூனைப் போலப் பல மடங்கு. அது அப்படியே ரத்தத்தில் தங்கினால் கை கழுவப் போவதற்குள் மயங்கி விழ வேண்டியதுதான். விழுவதில்லை. இரண்டு மணி நேரத்தில், ஒன்றும் நடக்காத மாதிரி, 140-க்குக் கீழே வந்துவிடுகிறது. அதற்காக 40-க்கும் போய்விடுவதில்லை. போனால் மூளை பட்டினி. இந்தக் கயிற்று நடையை ஆயுள் முழுக்கச் செய்வது லாங்கர்ஹான்ஸ் தீவுகள்.

பள்ளிக்கூடத்தில் ‘திட்டுகள்’ என்று படித்திருப்பீர்கள். எந்தக் கடலில் இருக்கின்றன என்று கேட்டு மார்க் இழந்தவர்களும் உண்டு. இருப்பது உங்கள் வயிற்றுக்குப் பின்னால், கணையத்தில். 1869-ல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது மருத்துவ மாணவர் கணையத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நடுநடுவே திட்டுத் திட்டாக வேறு மாதிரி செல்கள் இருக்கின்றன என்று எழுதினார். இவை எதற்கு? தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார். அப்படியும் பட்டம் கொடுத்தார்கள். நல்ல பல்கலைக்கழகம்.

இருபது வருஷம் கழித்து, 1889-ல், ஸ்ட்ராஸ்பர்கில் மின்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். நாய்க்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. 1922 ஜனவரியில் டொரான்டோவில் பான்டிங், பெஸ்ட், காலிப், மக்லியாட் கூட்டணி மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த சாரத்தை லேனர்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்குப் போட்டார்கள். முதல் ஊசி சரிப்படவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து, காலிப் சுத்தப்படுத்திக் கொடுத்த மருந்தைப் போட்டதும் சர்க்கரை இறங்கியது, பையன் பிழைத்தான். அந்தச் சாரம்தான் இன்சுலின். லத்தீனில் ‘இன்சுலா’ என்றால் தீவு.

தீவுகள் மொத்தம் சுமார் பத்து லட்சம். எண்ணிக்கையைப் பார்த்து பயந்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் திரட்டி எடை போட்டால் கணையத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் தேறும். கணையமே நூறு கிராம் ஆசாமி. ஆக மொத்தம் ஒன்றிரண்டு கிராம் சதை. அதில் குடியிருப்பவர்களில் இரண்டு பேர் முக்கியம். பீட்டா செல், இன்சுலின் தயாரிக்கிறது. ஆல்ஃபா செல், அதற்கு நேர் எதிராகக் குளுகோகான் என்ற ஹார்மோனைத் தயாரிக்கிறது. இவர் சர்க்கரையை இறக்கினால் அவர் ஏற்றுவார். பக்கத்துப் பக்கத்து வீடு.

இனி முக்கியக் கேள்வி. ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று பீட்டா செல்லுக்கு யார் சொல்கிறார்கள்? அதனிடம் குளுகோமீட்டர் இல்லை, விரலைக் குத்தி ஸ்ட்ரிப்பில் தடவுவதில்லை.

பதில் நம் கல்யாண சமையல்காரருக்குத் தெரிந்த பதில். தின்று பார்க்கிறது.

ரத்தத்தில் என்ன அளவு குளுகோஸ் இருக்கிறதோ, கிட்டத்தட்ட அதே அளவு பீட்டா செல்லுக்குள்ளும் புகுந்துவிடும். அங்கே குளுகோகைனேஸ் என்று ஒரு என்சைம் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. மற்ற செல்களில் இந்த வேலையைச் செய்யும் என்சைம்களுக்குக் கொஞ்சம் சர்க்கரை கிடைத்தாலே போதும், முழு வேகத்தில் ஓடும். அவற்றுக்கு 80-க்கும் 180-க்கும் வித்தியாசம் தெரியாது. குளுகோகைனேஸ் நிதானம். சர்க்கரை 140-ஐ ஒட்டி வரும்போதுதான் பாதி வேகத்துக்கே வரும். ஆகவே சர்க்கரை ஏற ஏற அது எரிக்கும் வேகமும் ஏறும், இறங்கினால் இறங்கும். இந்த என்சைம்தான் உடம்பின் சர்க்கரை அளவுகோல் என்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஃபிரான்ஸ் மட்சின்ஸ்கி பல வருஷம் சொல்லி நிரூபித்தார்.

எரிந்தால் சக்தி பிறக்கும். செல்லின் சில்லறைக் காசான ஏ.டி.பி. பெருகும். செல்லின் சுவரில் பொட்டாசியம் கசிகிற ஒரு கதவு எப்போதும் கொஞ்சம் திறந்திருக்கிறது. ஏ.டி.பி. அதிகமானதும் வந்து அந்தக் கதவைச் சாத்திவிடும். சாத்தினவுடன் செல்லுக்குள் மின்னழுத்தம் மாறும். அழுத்தம் மாறினால் கால்சியம் கதவு திறக்கும். கால்சியம் உள்ளே பாய்ந்ததும், தயாராக அடுக்கி வைத்திருக்கும் இன்சுலின் பொட்டலங்கள் சுவரோடு ஒட்டி உடைந்து ரத்தத்தில் கொட்டும். ஒரு கதவு மூடினால் இன்னொரு கதவு திறக்கும் என்று பாட்டி சொன்னது பீட்டா செல்லைப் பற்றித்தான் போலிருக்கிறது.

குளுகோஸ் வந்தால் அந்தப் பொட்டாசியம் கதவு சாத்திக் கொள்கிறது என்பதை 1984-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஃபிரான்ஸிஸ் ஆஷ்கிராஃப்ட் என்ற பெண்மணி கண்டுபிடித்தார். சரி, கதவு சாத்துகிறது, அதனால் ஆருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. நிஜக் கதை.

பிறந்து ஆறு மாதத்துக்குள்ளேயே சர்க்கரை நோய் வந்துவிடும் குழந்தைகள் உண்டு. மிக அபூர்வம். ஆயுள் முழுக்க ஊசி என்றுதான் சொல்லி வந்தார்கள். 2004-ல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் ஆண்ட்ரூ ஹேட்டர்ஸ்லியின் குழு, இப்படிப்பட்ட குழந்தைகளில் பலருக்கு அந்தப் பொட்டாசியம் கதவின் மரபணுவில் ஒரு சின்னப் பிழை இருப்பதைக் கண்டது. கதவு சாத்த மாட்டேன் என்கிறது! உள்ளே இன்சுலின் இருக்கிறது, பொட்டலம் கட்டித் தயார், வெளியே வர வழியில்லை. நம் பெரியப்பாக்கள் எத்தனையோ வருஷமாக விழுங்கி வரும் கிளிபென்க்ளமைட் மாத்திரை செய்வது இதே கதவைப் பிடித்துச் சாத்துவதைத்தான். குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2006-ல் வந்த முடிவு: 49 பேரில் 44 பேர் இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாறினார்கள். இப்போது பிறந்த ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் வந்தால் முதலில் மரபணுவைப் பாருங்கள் என்கிறது மருத்துவம்.

வாசலில் உட்கார்ந்திருக்கும் குளுகோகைனேஸிலேயே பிழை உள்ள குடும்பங்களும் உண்டு. பத்து நிமிஷம் தாமதமாக ஓடும் சுவர்க் கடிகாரம் மாதிரி. இவர்களுக்கு வெறும் வயிற்றில் 100-க்கும் 145-க்கும் நடுவில் எங்காவது இருக்கும், பிறந்ததிலிருந்து. பெரும்பாலும் அதற்கு மேல் ஏறுவதும் இல்லை, கெடுதல் செய்வதும் இல்லை, மருந்தும் வேண்டாம். அப்பாவுக்கும் 130, பிள்ளைக்கும் 130. குடும்பச் சொத்து.

இன்சுலின் கொட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. காலை டிபன் கடையை நினைத்துக் கொள்ளுங்கள். கடை திறக்கும்போதே முதல் ஈடு இட்லி வெந்து தயாராக இருக்கும். வந்தவர்களுக்கு உடனே தட்டில் விழும். அந்தச் சமயத்தில் உள்ளே இரண்டாவது ஈடு வேகும். பீட்டா செல்லும் அப்படியே. சர்க்கரை ஏறிய சில நிமிஷங்களில் ஏற்கெனவே கட்டி வைத்த பொட்டலம் வெளியே போகும். பிறகு நிதானமாக இரண்டாவது ஈடு, தேவை இருக்கும் வரை. ஒரு செல்லில் சுமார் பத்தாயிரம் பொட்டலம் ஸ்டாக் இருக்கும். குளுகோஸ் விற்பனையை மட்டும் முடுக்குவதில்லை. அடுப்பையும் தூண்டிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் புதிய இன்சுலின் தயாரிப்பும் பல மடங்கு ஏறும்.

சர்க்கரை நோய் வரும்போது முதலில் காணாமல் போவது இந்த முதல் ஈடுதான். கல்லாவில் ஆள் இருக்கிறார், அடுப்பு எரிகிறது, வந்தவர்கள் மட்டும் காத்திருக்கிறார்கள். சாப்பிட்டு இரண்டு மணி கழித்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் 200 வருவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இன்னொரு புகாருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். ‘ராத்திரி ரெண்டே ரெண்டு இட்லி சாப்பிட்டேன் சார். காலையில 160. எங்கேர்ந்து வந்தது?’ உங்கள் கல்லீரலிலிருந்து வந்தது. நாம் தூங்கும்போது மூளை தூங்குவதில்லை, அதற்குச் சர்க்கரை வேண்டும். ஆகவே கல்லீரல் சேமித்து வைத்ததை மெல்ல அவிழ்த்துவிடும். ‘விடு’ என்று சொல்வது ஆல்ஃபா செல்லின் குளுகோகான். ‘போதும்’ என்று சொல்வது பக்கத்து வீட்டு இன்சுலின். பக்கத்து வீட்டுக்காரரின் குரல் பலவீனமானால் ஆல்ஃபாவுக்கு யார் பேச்சும் காதில் விழாது. ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை இருக்கும்போதும், சாப்பிட்ட பிறகும்கூட, ‘விடு, விடு’ என்று கொண்டே இருக்கும். பாவம், இட்லி மேல் பழி.

இனி ஓவர்டைம் விஷயம். தொப்பை போட்டு, கல்லீரலிலும் கொழுப்பு சேர்ந்தால் உடம்பு இன்சுலினின் சொல்லை லேசில் கேட்காது. முன்பு ஒரு பொட்டலத்தில் முடிந்த வேலைக்கு இப்போது மூன்று வேண்டும். பீட்டா செல் முணுமுணுக்காமல் ஓவர்டைம் செய்யும். பல வருஷம் செய்யும். அதனால்தான் அத்தனை வருஷமும் ரிப்போர்ட் நார்மல். பிறகு மெல்லச் சர்க்கரை ஏறத் தொடங்கும்போது ஒரு விபரீதம் நடக்கிறது. சர்க்கரை ஏறினால் இன்சுலின் அதிகம் சுரக்கும் என்று இதுவரை பார்த்தோம் அல்லவா? ஏறின சர்க்கரை இறங்காமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அங்கேயே நின்றால் கதை தலைகீழ். எது வேலை வாங்கியதோ அதுவே விஷமாகிறது.

தின்று பார்த்து அளக்கிற செல் அல்லவா? சர்க்கரை ஓயாமல் வந்தால் ஓயாமல் எரிக்க வேண்டும். எரித்தால் புகை வரும். செல்லுக்குள் உண்டாகும் அந்தக் கேடு விளைவிக்கும் ஆக்ஸிஜன் கூட்டாளிகளைச் சமாளிக்கும் என்சைம்கள் பீட்டா செல்லில் இயற்கையிலேயே குறைவு. சின்னச் சமையலறை, புகைபோக்கி கிடையாது. இன்சுலின் மரபணுவை முடுக்கிவிடும் மேஸ்திரிப் புரதங்கள் இந்தப் புகையில் மங்கிப் போகின்றன. சர்க்கரை ஏறுகிறது, இன்சுலின் தயாரிப்போ குறைகிறது. குறைந்ததால் சர்க்கரை இன்னும் ஏறுகிறது. கந்து வட்டி மாதிரி.

இங்கிலாந்தில் 1977-ல் தொடங்கி இருபது வருஷம் 5,102 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அதில் கணக்கிட்ட ஒரு விஷயம் தூக்கிவாரிப் போடும். சர்க்கரை நோய் என்று கண்டுபிடித்த அன்றைக்கே பீட்டா செல்களின் திறமையில் பாதி போய்விட்டிருந்தது. நாம் ‘ஆரம்ப ஸ்டேஜ்தான் சார்’ என்று சிரித்துக் கொண்டு சொல்கிற நாள் அது.

போன பாதி செத்தே போய்விட்டதா? நெடுநாள் அப்படித்தான் நினைத்தார்கள். 2012-ல் நியூயார்க்கில் டொமெனிகோ அக்கிலியின் குழு, சர்க்கரை நோய் வந்த எலிகளின் தீவுகளில் தேடியபோது வேறொன்றைக் கண்டது. பல செல்கள் சாகவில்லை. வேலையை மறந்துவிட்டன. தான் ஒரு பீட்டா செல் என்பதே நினைவில்லாமல், பிறவாத நிலைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்திருந்தன. மேஜை நிறைய ஃபைல் வந்து குவிந்தால் சில குமாஸ்தாக்கள் ராஜினாமா செய்வதில்லை. அதே நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்த மாதிரி.

செத்தவரை எழுப்ப முடியாது. ஜன்னலைப் பார்ப்பவரை எழுப்பலாம், லீவு கொடுத்தால்.

லீவு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சீனாவில் ஒன்பது மருத்துவமனைகளில் புதிதாகச் சர்க்கரை நோய் கண்ட 382 பேரை எடுத்துக் கொண்டார்கள். சிலருக்கு மாத்திரை, சிலருக்கு ஆரம்பத்திலேயே இன்சுலின். சர்க்கரை நார்மலுக்கு வந்து இரண்டு வாரம் நின்றதும் எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டு, சாப்பாட்டுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் மட்டும். 2008-ல் வெளியான முடிவின்படி ஒரு வருஷம் கழித்தும் மருந்தில்லாமல் நல்ல சர்க்கரையோடு இருந்தவர்கள், இன்சுலின் பம்ப் வைத்தவர்களில் 51 சதவிகிதம், ஊசி போட்டவர்களில் 45, மாத்திரை சாப்பிட்டவர்களில் 27. வெளியிலிருந்து இன்சுலின் வந்ததால் உள்ளே இருந்த தொழிலாளிக்கு ஓய்வு. ஓய்வு கிடைத்ததும் முதல் ஈடு திரும்பி வந்தது.

ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் வேறு வழி பார்த்தார்கள். ஊசி இல்லை, மருந்தும் நிறுத்தம். சர்க்கரை நோய் வந்து ஆறு வருஷத்துக்குள் இருப்பவர்களுக்கு மூன்றிலிருந்து ஐந்து மாதம் தினம் 850 கலோரிக்கு மேற்படாத கஞ்சி மாதிரி ஆகாரம். 2017-ல் வந்த முடிவு: ஒரு வருஷத்தில் 46 சதவிகிதம் பேர் மருந்தில்லாமல் சர்க்கரை நோய் எல்லைக்கு வெளியே வந்தார்கள். 15 கிலோவுக்கு மேல் இளைத்தவர்களில் 86 சதவிகிதம். எடை திரும்ப ஏறியவர்களில் நிறையப் பேருக்கு நோயும் திரும்பியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தீவுவாசிகள் மன்னிப்பார்கள், மறக்க மாட்டார்கள்.

ஆகவே டாக்டர் ஊசி என்று சொன்னால் மூட்டை கட்டச் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. சில சமயம் அது உங்கள் தீவுகளுக்கு அவர் எழுதித் தரும் மெடிக்கல் லீவு. ‘இன்னும் ஆறு மாசம் மாத்திரையிலேயே ஓட்டிப் பார்க்கறேனே’ என்று நாம் பேரம் பேசும் ஆறு மாசமும் அங்கே ஓவர்டைம் நடக்கிறது. அந்தச் சம்பளத்தைக் கண்ணும் சிறுநீரகமும் காலும் சேர்ந்து கொடுக்கின்றன.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, மேலே சொன்னதெல்லாம் பெரியவர்களுக்குச் சாதாரணமாக வரும் இரண்டாம் வகை. சின்ன வயதில் வரும் முதல் வகையில் உடம்பின் சொந்தப் போலீஸே தீவுகளைத் தாக்கி பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. லீவு கொடுக்க அங்கே ஆள் மிச்சமில்லை. அவர்களுக்கு இன்சுலின் சாப்பாடு மாதிரி. யாரோ ஒருவர் கஷாயத்தைக் காட்டி ‘ஊசியை நிறுத்துங்கோ’ என்றால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இரண்டு, ‘850 கலோரி’ என்று படித்ததும் நாளையிலிருந்து பட்டினி கிடக்காதீர்கள். மாத்திரையை அப்படியே விழுங்கிவிட்டுச் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரை பாதாளத்துக்குப் போகும். நான் முன்னே சொன்ன கதவு சாத்தும் மாத்திரைக்கு நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று தெரியாது. வந்த வேலை கதவைச் சாத்துவது, சாத்திவிடும். டாக்டரிடம் சொல்லி, அவர் மருந்தைக் குறைத்த பிறகு வயிற்றைக் குறையுங்கள்.

அவரைப் பார்க்கும்போது ஒன்று கேட்கலாம். பீட்டா செல் இன்சுலினை நீளமான ஒரே சரமாகத் தயாரித்து, நடுவில் ஒரு துண்டை வெட்டி எறிந்துவிட்டுத்தான் அனுப்புகிறது. இதை 1967-ல் சிகாகோவில் டொனால்ட் ஸ்டைனர் கண்டுபிடித்தார். வெட்டி எறிந்த துண்டுக்கு ‘சி-பெப்டைட்’ என்று பெயர். கடையில் வாங்கிய இன்சுலினில் அது இருக்காது. ஆகவே ரத்தத்தில் அதை அளந்தால் உங்கள் தீவுகளில் இன்னும் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று ஒரு மதிப்பு கிடைக்கும். எல்லோருக்கும் தேவைப்படும் பரிசோதனை இல்லை. உங்களுக்குத் தேவையா என்று அவர் சொல்வார்.

கணிசமாக ஆள் இருந்தால் சந்தோஷம். அவர்களை மேலும் ஓட்டாதீர்கள்.